முன் கண்ணாடியில் ஒரு பிலிம்

மார்ச் மாதம். எர்ணாகுளத்தில் உச்சி வெயில். கார்களுக்குச் சீட் உறை, மேட், விளக்கு, ஹாரன் எல்லாம் விற்கும் ஒரு கடை. கடையின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. கார்க் கண்ணாடிக்குப் பிலிம் ஒட்டும் வேலை அங்கேதான் நடக்கும்.

ஒரு வெள்ளை டாக்சி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கினார். அவர் மூணாற்றுக்காரர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். நெடும்பாசேரி விமான நிலையத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு மூணாறு மலைக்குப் போய் வருவது அவர் தொழில்.

"அண்ணே, முன் கண்ணாடிக்கு நல்ல கறுப்பா ஒரு பிலிம் ஒட்டிக் கொடுங்க. வெயில் தாங்க முடியலை. ஏ.சி. போட்டாலும் முகத்திலே நெருப்பு அடிக்குது. ஸ்டியரிங்கைத் தொட முடியலை" என்றார்.

பிலிம் ஒட்டும் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"எத்தனை மணிக்கு மலை ஏறுவீங்க, தம்பி?"

"அது விமானம் வர்ற நேரத்தைப் பொறுத்தது அண்ணே. ராத்திரி ரெண்டு மணிக்கும் ஏறுவேன்."

"அப்போ கறுப்பு வேண்டாம்" என்றார் மாஸ்டர்.

மாஸ்டரும் தமிழர்தான். தேனிப் பக்கத்துக் கிராமம். இளவயதில் ஊர்க் கோயில் திண்ணையில் நடந்த அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்தவர். பிறகு வேலை தேடி எர்ணாகுளம் வந்தார். இந்தியாவிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் என்று 1990 பிப்ரவரி 4 அன்று அறிவிக்கப்பட்டது இந்த எர்ணாகுளம்தான். வந்த புதிதில் மாஸ்டருக்கு அது தெரியாது. பேருந்துப் பலகையில் இருந்த மலையாள எழுத்து புரியாமல் திண்டாடியதுதான் அவருக்கு நினைவு இருக்கிறது. இப்போது மலையாளமும் படிப்பார். பிலிம் பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பது முழுவதும் அவருக்குப் புரியாது. ஆனால் எண்களை விடமாட்டார். அந்த எண்களில்தான் விஷயம் இருக்கிறது என்பார்.

இரண்டு கண்ணாடி, நடுவில் ஒரு பசை

காரின் முன் கண்ணாடி மற்றக் கண்ணாடிகளைப் போன்றது அல்ல. பக்கக் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி. சூடாக்கி, சட்டென்று குளிர வைத்து, உறுதியாக்கியது. பலமாக அடித்தால் அது கற்கண்டு போலப் பொடிப் பொடியாக உதிர்ந்துவிடும்.

முன் கண்ணாடி அப்படி உதிராது. அதில் இரண்டு கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. நடுவில் ரப்பர் போல இழுபடும் ஒரு பிளாஸ்டிக் படலம். கல் அடித்தால் சிலந்தி வலை போல விரிசல் விடும். ஆனால் துண்டுகள் அந்தப் படலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஓட்டுபவர் முகத்தில் பாயாது.

இந்த யோசனை ஒரு விபத்தில் பிறந்தது. பிரான்சு நாட்டில் எதுவார் பெனடிக்டஸ் என்று ஒரு ரசாயன அறிஞர் இருந்தார். 1903இல் அவருடைய கை தவறி ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டது, சிதறவில்லை. குடுவையின் உட்புறம் ஒரு பிசின் காய்ந்து படிந்திருந்தது. அதுதான் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909இல் இந்த முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார்.

நடுவில் உள்ள அந்தப் படலம் இன்னொரு வேலையும் செய்கிறது. தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அதுவே தடுத்துவிடுகிறது. "புற ஊதாக் கதிருக்காக முன் கண்ணாடியில் பிலிம் ஒட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த வேலை பாதிக்கு மேல் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

கறுப்பு வேறு, குளிர்ச்சி வேறு

ஓட்டுநர் விடவில்லை. "கறுப்பா இருந்தாத்தானே அண்ணே சூடு குறையும்?"

மாஸ்டர் பேசவில்லை. மேசையடியிலிருந்து ஒரு சிவப்பு விளக்கை எடுத்தார். கோழிக் குஞ்சுகளுக்குச் சூடு காட்ட வைப்பார்களே, அந்த மாதிரி விளக்கு. அதைப் போட்டார். அதன் எதிரே ஒரு கண்ணாடித் துண்டை நிறுத்தினார். அதில் மலிவான கறுப்புப் பிலிம் ஒட்டியிருந்தது.

"கண்ணாடிக்குப் பின்னாலே கையை வையுங்க."

ஓட்டுநர் வைத்தார். சிறிது நேரத்தில் கையை இழுத்துக்கொண்டார். சுட்டது.

மாஸ்டர் இன்னொரு கண்ணாடித் துண்டை வைத்தார். பார்த்தால் வெறும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. பிலிம் ஒட்டியிருப்பதே தெரியவில்லை. ஓட்டுநர் கையை வைத்தார். லேசான வெதுவெதுப்பு மட்டும்தான்.

"இது எப்படி?" என்று ஓட்டுநர் கேட்டார்.

சூரியனிலிருந்து வருவது ஒரே வகைக் கதிர் அல்ல. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் ஒரு வகை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இன்னொரு வகை. அது மிகக் கொஞ்சம். அகச்சிவப்புக் கதிர் மூன்றாவது வகை. இதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெயிலின் சக்தியில் ஏறத்தாழப் பாதி இதில்தான் வருகிறது.

சாயம் போட்ட கறுப்புப் பிலிம் வெளிச்சத்தைத்தான் அதிகம் தடுக்கிறது. அகச்சிவப்பில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. சில வருடத்தில் அந்தச் சாயமும் வெளுத்து ஊதா நிறமாகிவிடும். பழைய கார்களின் பின் கண்ணாடியில் அந்த ஊதாவைப் பார்க்கலாம்.

செராமிக் பிலிம் என்று கடைகளில் சொல்வது வேறு வகை. அதில் மிக நுண்ணிய பீங்கான் போன்ற துகள்கள் கலந்திருக்கும். அவை அகச்சிவப்பைத் தடுத்துவிட்டு வெளிச்சத்தை விட்டுவிடும். விலை அதிகம்தான். அதற்காகக் கறுப்பை ஒட்டி, இருட்டையும் வாங்கிக்கொண்டு, சூட்டையும் சுமக்க வேண்டுமா?

சட்டம் சொல்லும் எண்

மாஸ்டர் சுவரில் ஒரு காகிதம் ஒட்டி வைத்திருந்தார். அதில் பெரிதாக இரண்டு எண்கள்: 70, 50.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ஆம் ஆண்டில் வந்தவை. அதில் 100ஆவது விதி கண்ணாடியைப் பற்றியது. முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் 70 சதவீதத்திற்குக் குறையாமல் வெளிச்சம் விட வேண்டும். பக்கக் கண்ணாடி 50 சதவீதத்திற்குக் குறையக் கூடாது. 70 சதவீதம் என்றால், வெளியே 100 பங்கு வெளிச்சம் இருந்தால் அதில் 70 பங்காவது உள்ளே வர வேண்டும்.

ஆனாலும் பலர் கன்னங்கரேல் என்று பிலிம் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. அப்படிப்பட்ட வண்டிகளில் குற்றங்கள் நடப்பதாக உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பு வந்தது. எத்தனை சதவீதம் வெளிச்சம் விடும் பிலிமாக இருந்தாலும் கண்ணாடியில் ஒட்டக் கூடாது என்றது தீர்ப்பு. 2012 மே 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது ஊர் ஊராகப் போலீசார் நடுரோட்டில் காரை நிறுத்திப் பிலிமை உரித்தார்கள். மாஸ்டரின் கடையில் அந்த ஆண்டு ஒட்டும் வேலை நின்று, உரிக்கும் வேலை மட்டும்தான் இருந்தது.

பிறகு 100ஆவது விதியில் ஒரு திருத்தம் வந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. கண்ணாடியின் உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்ததையும் அது ஏற்கிறது. அந்தப் படலம் ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர அளவுக்கு உட்பட்டிருக்க வேண்டும். 70, 50 என்ற அளவுகள் மாறவில்லை. இந்தத் திருத்தத்தை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அந்த நீதிமன்றம் இருப்பதும் எர்ணாகுளத்தில்தான். அளவு குறையாத பிலிம் ஒட்டிய வண்டிக்கு அபராதம் போடக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு.

"அப்போ தேனிக்கு வண்டி போனா?" என்றார் ஓட்டுநர். மூணாற்றிலிருந்து போடிமெட்டு வழியாகத் தேனிக்கும் அவருக்குச் சவாரி கிடைக்கும்.

"அது கேரளத்து நீதிமன்றம் சொன்னது தம்பி. எல்லை தாண்டினா அங்கே இருக்கிற போலீஸ்காரர் 2012 தீர்ப்பைக் காட்டலாம். அங்கே உள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்திலே ஒரு வார்த்தை கேட்டு வெச்சுக்கிறது நல்லது. நம்ம பில்லையும் வண்டியிலேயே வையுங்க. பிலிமோட பேரு, எண் எல்லாம் அதிலே எழுதித் தர்றேன்."

சாதாரண விதிமீறலுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆவது பிரிவில் அபராதம் உண்டு. 2019 செப்டம்பர் 1 முதல் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை. மறுபடி பிடிபட்டால் 1,500 ரூபாய் வரை. ஒரு ராத்திரிச் சவாரியில் மிஞ்சுவதை இது தின்றுவிடும்.

70 என்று எழுதிய பிலிம் ஏன் 70 ஆகாது?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சட்டம் 70 என்கிறது. பிலிம் பெட்டியிலும் 70 என்று போட்டிருக்கிறது. அப்புறம் என்ன, ஒட்ட வேண்டியதுதானே?

கொட்டகையில் வேலை பழகும் பையன் ஒருவன் இருந்தான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அவனும் முதலில் அப்படித்தான் நினைத்தான். மாஸ்டர் அவனுக்குச் சாக்பீசால் தரையில் எழுதிக் காட்டியிருந்தார். இப்போது ஓட்டுநருக்கு அவனையே எழுதிக் காட்டச் சொன்னார்.

கண்ணாடி தானும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். பிலிம் இல்லாத முன் கண்ணாடியில் 100 பங்கு வெளிச்சம் விழுகிறது. உள்ளே 80 பங்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிலிமுக்குக் கிடைப்பது இந்த 80தான், 100 அல்ல. பெட்டியில் 70 என்று எழுதிய பிலிம் இந்த 80இல் 70 சதவீதத்தைத்தான் விடும்.

80 x 70 = 5,600. அதை 100ஆல் வகுத்தால் 56.

56 பங்கு வெளிச்சம்தான் ஓட்டுபவர் கண்ணுக்கு வரும். சட்டம் கேட்பது 70. பெட்டியில் 70 என்று எழுதியிருந்தும் வண்டி மாட்டிக்கொள்ளும்.

90 என்று எழுதிய பிலிமாக இருந்தால்?

80 x 90 = 7,200. அதை 100ஆல் வகுத்தால் 72.

இது தேறும். ஆனால் இரண்டே இரண்டு பங்குதான் மிச்சம் இருக்கிறது.

"கணக்கு தோராயம்தான்" என்றார் மாஸ்டர். "முடிவு சொல்றது மீட்டர்." வெளிச்சத்தை அளக்க ஒரு சின்ன மீட்டர் உண்டு. இரண்டு பகுதிகளாக இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று வைத்தால் எண்ணைக் காட்டிவிடும். மாஸ்டர் டாக்சியின் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். 80 என்று காட்டியது. சில கார்களில் 77, 76 என்றும் காட்டும். அப்படி இருந்தால் 90 பிலிம் ஒட்டினாலும் 70க்குக் கீழே போய்விடும். அந்த வண்டிகளின் முன் கண்ணாடியில் மாஸ்டர் பிலிமே ஒட்டமாட்டார். மீட்டரை வைத்துப் பார்க்காமல் ஒட்டுகிற கடைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

"எதிரே வர்ற வண்டி லைட் கண்ணைக் கூசுது அண்ணே. கறுப்பா இருந்தா கொஞ்சம் குறையுமே" என்றார் ஓட்டுநர்.

"குறையும். அதோட சேர்ந்து ரோட்டு ஓரத்திலே நடக்கிற ஆளும் குறைஞ்சு போவான். அடிமாலி தாண்டினா ரோட்டு விளக்கு எத்தனை இருக்கு?"

ஓட்டுநர் யோசித்தார். அடிமாலி தாண்டினால் வளைவுகள். பனி மூட்டம். அதிகாலை வேலைக்குக் கறுப்புக் கம்பளியைத் தலையில் போர்த்திக்கொண்டு போகும் தோட்டத் தொழிலாளிகள். அவருடைய அம்மாவும் முப்பது வருடம் அப்படி நடந்தவர்தான்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 10 மீட்டர் நகரும். மலைப் பாதையில் அது சாதாரண வேகம். ஆள் இருப்பது ஒரு விநாடி தாமதமாகத் தெரிந்தால், பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே கார் 10 மீட்டர் போயிருக்கும். பத்து மீட்டர் என்பது இரண்டு கார்களின் நீளத்துக்கு மேல்.

ஓட்டுநர் அதற்குப் பிறகு கறுப்பைப் பற்றிப் பேசவில்லை.

ஒட்டுவதற்கு முன்

வேலை அன்றே நடக்கவில்லை. மாஸ்டர் கண்ணாடியின் மேல் விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தார். இடது பக்கம் கீழே, வைப்பர் மறைக்கும் இடத்தில், நகம் தடுக்கியது. மிளகு அளவு ஒரு கல்லடி. ஓட்டுநருக்கே அது தெரியாது.

பிலிமை வளைக்கச் சூடான காற்று அடிக்க வேண்டும். கல்லடி பட்ட இடத்தில் சூடு ஏறினால் விரிசல் ஓடிவிடும். கண்ணாடி போய்விட்டால் பிலிம் செலவைப் போலப் பல மடங்கு ஆகும். "முதல்லே அதை அடைச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். கண்ணாடி ரிப்பேர் செய்பவர்கள் அந்தக் குழியில் ஒரு பிசினை இறக்கி, புற ஊதா விளக்கு காட்டி இறுக வைப்பார்கள்.

இன்னொன்றும் சொன்னார். கண்ணாடியின் உட்புறம் பாஸ்டாக் ஒட்டியிருந்தது. சுங்கச் சாவடியில் பணம் தானாகக் கழிவதற்கான சீட்டு அது. அதை உரித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்து கெட்டுவிடும். திரும்ப ஒட்ட முடியாது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் நெடுஞ்சாலைச் சாவடிகளில் பாஸ்டாக் கட்டாயம். அது இல்லாவிட்டால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதனால் புதிய பாஸ்டாக்குக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். உலோகப் பூச்சு உள்ள பிலிமை வாங்கவும் கூடாது. உலோகம் ரேடியோ அலையைத் தடுக்கும். சாவடியில் பாஸ்டாக் படிக்காது; வழி காட்டும் போனும் தடுமாறும். செராமிக் பிலிமில் இந்தத் தொல்லை இல்லை.

புதிய கார்களில் உள் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறிய கேமராவோ, மழையை அறியும் கருவியோ இருக்கும். அந்த இடத்தைப் பிலிம் மூடக் கூடாது. வெட்டி விட்டுவிட வேண்டும்.

வேலை

இரண்டு நாள் கழித்து டாக்சி காலையிலேயே வந்தது. பையன் கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளித்தான். தூசி அடங்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தினான். பிலிம் வேலைக்குத் தூசிதான் பெரிய எதிரி.

தேவையான பொருள்கள் அதிகம் இல்லை. தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே பாட்டில், தண்ணீரைத் தள்ளும் ரப்பர்க் கட்டை, கூரான கட்டர், சூடான காற்று அடிக்கும் ஹீட் கன், நூல் உதிராத துணி, நான்கு பெரிய துண்டுகள். ஒரு லிட்டர் தண்ணீரில் குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூ சில சொட்டு. சொட்டு குறைந்தால் பிலிம் வைத்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும்; நகர்த்த முடியாது. கூடினால் பசை சரியாகப் பிடிக்காது. மாஸ்டர் விரலை நனைத்துக் கட்டை விரலோடு தேய்த்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

முதலில் துண்டுகள். டாஷ்போர்டு முழுவதும் தடித்த துண்டு விரித்து, அதன் மேல் பிளாஸ்டிக் தாள் போட்டார்கள். அதற்குக் கீழேதான் காரின் மின் இணைப்புகள் எல்லாம் இருக்கின்றன. தண்ணீர் இறங்கினால் எங்கே என்ன கெடும் என்று சொல்ல முடியாது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதைத்தான் மறப்பார்கள்.

பிலிம் ஒட்டப்போவது உட்புறம். ஆனால் முதலில் வெளிப்புறத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். காரணம், கண்ணாடி தட்டையாக இல்லை. சொளகு மாதிரி வளைந்திருக்கிறது. பிலிமோ தட்டையானது. தட்டையான தாளை வளைந்த கண்ணாடி மேல் போட்டால் மேலும் கீழும் மடிப்பு விழும். புடைவைக் கொசுவம் போல விழும் அந்த மடிப்புகளைச் சூடு காட்டித்தான் சுருக்க வேண்டும்.

பிலிமின் பசைப் பக்கத்தில் ஒரு காப்புத் தாள் ஒட்டியிருக்கும். அது பார்ப்பவர் பக்கம் இருக்கும்படி பிலிமைக் கண்ணாடி மேல் விரித்தார்கள். மாஸ்டர் கண்ணாடியில் குழந்தைப் பவுடரை லேசாகத் தடவியிருந்தார். இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஒரு ஈரக் கோடு. நடுவில் குறுக்கே ஒரு ஈரக் கோடு. அந்தக் கோடுகளில் பிலிம் பிடித்து நிற்கும். பவுடர் உள்ள இடத்தில் வழுக்கி நகரும்.

பிறகு ஹீட் கன். மாஸ்டரின் கை நிற்கவே இல்லை. போவதும் வருவதுமாக இருந்தது. மடிப்பு கண் முன்னே சுருங்கி மறைந்தது. ஒரே இடத்தில் காட்டினால் பிலிம் வெந்து சுருளும், அல்லது கண்ணாடி விரியும். பிலிம் எல்லாத் திசையிலும் சுருங்காது. சுருள் விரியும் நீளவாக்கில்தான் சுருங்கும். குறுக்கே வைத்துவிட்டால் எத்தனை சூடு காட்டினாலும் மடிப்பு போகாது.

சுருங்கியதும் ஓரத்தை வெட்டினார். கண்ணாடி ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் உள்ள பட்டை இருக்கும். அதை அடையாளமாக வைத்து வெட்ட வேண்டும். கட்டரை அழுத்தினால் கண்ணாடியில் கீறல் விழும். அந்தக் கீறலிலிருந்து பின்னால் விரிசல் வரலாம். மாஸ்டரின் கட்டர் பிலிமை மட்டும் தொட்டுப் போகும். பையனுக்கு இதை அவர் இன்னும் கொடுக்கவில்லை. பழைய கண்ணாடியில்தான் பழகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது உட்புறம். கண்ணாடியை மூன்று தடவை கழுவினார்கள். மூன்றாம் தடவை தள்ளிய தண்ணீரில் ஒரு துகளும் இல்லை என்று பார்த்த பிறகுதான் காப்புத் தாளை உரிக்க ஆரம்பித்தார்கள். மாஸ்டர் ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம். உரிக்க உரிக்கப் பசைப் பக்கத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். பிறகு தளர்வாகச் சுருட்டி, காருக்குள் கொண்டுபோய், நனைந்த கண்ணாடியில் வைத்து விரித்தார்கள். ஈரம் இருக்கும்வரை பிலிம் வழுக்கும். ஓரம் பார்த்து நகர்த்திக்கொள்ளலாம்.

ரப்பர்க் கட்டையை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். முன்பு தள்ளிய பட்டையின் மேல் பாதி ஏறும்படி அடுத்த பட்டை. தண்ணீர் ஓரத்துக்கு ஓடித் துண்டில் இறங்கும். கீழ் மூலைக்குக் கை எட்டாது. அங்கே தட்டையான அட்டையில் துணி சுற்றித் தள்ளுவார்கள்.

எல்லாம் முடிந்தது போல இருந்தது. மாஸ்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். டார்ச் விளக்கைப் பையனிடம் கொடுத்து, காருக்கு முன்னால் நின்று அடிக்கச் சொன்னார். கண்ணுக்கு நேரே, கடுகில் பாதி அளவு ஒரு வெள்ளைப் புள்ளி மின்னியது. பக்கத்தில் விரல் ரேகை. பசைப் பக்கத்தைப் பையன் தொட்டுவிட்டான்.

பையன் முகம் வாடிவிட்டது. "சின்னதுதானே மாஸ்டர்" என்றான்.

"ஓரத்திலே இருந்தா சின்னது. இங்கே இருந்தா, எதிர் வண்டி லைட்டு அடிக்கும்போதெல்லாம் நட்சத்திரம் மாதிரி விரியும். அவர் ராத்திரி பூரா இதைத்தான் பார்த்துக்கிட்டு ஓட்டணும்."

மாஸ்டர் ஒரு மூலையைப் பிடித்து முழுப் பிலிமையும் உரித்தார். கசக்கிக் கீழே போட்டார். பையனைத் திட்டவில்லை. கைகளை முழங்கை வரை கழுவிக்கொண்டு வரச் சொன்னார். மறுபடி சுருளிலிருந்து வெட்டினார்கள். மறுபடி பவுடர், சூடு, கழுவல். இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆனது. வீணான பிலிமின் காசைக் கடை ஏற்றுக்கொண்டது. ஓட்டுநர் தலையில் கட்டவில்லை. எல்லாக் கடையும் இப்படிச் செய்யும் என்று சொல்ல முடியாது. பணம் கொடுக்கும் முன் இருக்கையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது வண்டிக்காரர் பொறுப்பு.

வெளியே ஒட்டும் பிலிம்

கல்லடிக்காக வெளிப்புறம் ஒட்டும் பிலிமும் இருக்கிறது. அது தடிப்பானது, நிறம் இல்லாதது. லாரிக்குப் பின்னால் ஓடும் வண்டிகளுக்கு அது உதவும். சின்னக் கல் பட்டால் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். பெரிய கல்லைத் தடுக்காது. வெயில், மழை, வைப்பர் மூன்றும் அதன் மேலேயே படுவதால் சீக்கிரம் கீறல் விழும். கீறல் விழுந்தால் ராத்திரியில் பார்வை மங்கும். உடனே உரித்துவிட வேண்டும். வைப்பர் ரப்பர் தேய்ந்திருந்தால் அதை மாற்றாமல் இந்தப் பிலிமை ஒட்டுவதில் பயனே இல்லை. இதுவும் வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் தின்னும். கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டிய பிறகு

மாலை மூன்று மணிக்கு வேலை முடிந்தது. மாஸ்டர் மீட்டரை வைத்தார். 73. பையன் அந்த எண்ணைப் பில்லில் எழுதினான். தேதியும் போட்டான்.

கண்ணாடி லேசாகப் புகை படிந்தது போல இருந்தது. அங்கங்கே சின்னச் சின்ன நீர்க் கொப்புளம். ஓட்டுநர் அதைக் காட்டிக் கேட்டார்.

"அது தண்ணி தம்பி. தானா காயும். ஊசியாலே குத்திடாதீங்க" என்றார் மாஸ்டர்.

நல்ல வெயிலில் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். ஜூன், ஜூலை மழையில் மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம். அதுவரை உட்புறக் கண்ணாடியைத் துடைக்கக் கூடாது. போனை ஒட்ட வைக்கும் ரப்பர்க் கிண்ணத்தைப் பிலிமில் அழுத்தக் கூடாது. அது உறிஞ்சி இழுத்துவிடும். காய்ந்த பிறகு ஈரத் துணியால் துடைத்தால் போதும். அம்மோனியா கலந்த கண்ணாடி மருந்து அடித்தால் பிலிம் கெட்டுவிடும். பாட்டிலில் அம்மோனியா என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

ஓட்டுநர் காசைக் கொடுத்தார். வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. முகத்துக்கு நேரே கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"அன்னைக்குக் கையிலே பட்ட அதே வெதுவெதுப்புத்தான்" என்றார். எட்டு மணி விமானத்துக்கு ஆள் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு நெடும்பாசேரிப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு காரின் முன் கண்ணாடி 100 பங்கு வெளிச்சத்தில் 75 பங்கை உள்ளே விடுகிறது. அதில் 90 என்று எழுதிய பிலிமை ஒட்டினால் எத்தனை பங்கு உள்ளே வரும்? அந்தக் காருக்கு மாஸ்டர் என்ன சொல்வார்?

மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் எத்தனை மீட்டர் போகும்? (1 மணி = 3,600 விநாடி; 1 கிலோமீட்டர் = 1,000 மீட்டர்.)

உங்கள் ஊரில் ஓடும் ஒரு டாக்சி அல்லது வேனின் கண்ணாடியில் என்னென்ன சீட்டுகள் ஒட்டியிருக்கின்றன? அவற்றில் எழுதியிருப்பதைப் படித்து உங்கள் நோட்டில் எழுதுங்கள்.